தொட்டி இல்லாத தண்ணீர்

மூன்றாவது அடியில் தொட்டி உடைந்தது, தண்ணீர் உடையவில்லை. இருதயராஜ் மேஸ்திரி சம்மட்டியை இன்னொரு முறை ஓங்கித் தலைமாட்டுப் பக்கத்தையும் பிளந்தார், செதில் செதிலாகக் கழன்று விழுந்த ஃபைபர் துண்டுகளைக் காலால் ஒதுக்கினார், இனித் தண்ணீர் பாய்ந்து வந்து தன்னை நனைக்கப்போகிறது என்று லுங்கியை முழங்காலுக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார், நின்றுகொண்டே இருந்தார். தண்ணீர் வரவில்லை. அது தொட்டி இருந்த இடத்தில், தொட்டி இருந்த உயரத்தில், தலைமாட்டில் தொட்டி எப்படிச் சரிந்திருந்ததோ அப்படியே தானும் சரிந்து, சுவரை ஒட்டிய இரண்டு பக்கமும் சுவரோடும் மற்ற இரண்டு பக்கமும் வெறும் காற்றோடும், இஸ்திரி போட்ட மாதிரி வழவழவென்று நின்றது.

குளியலறை வாசலில் நின்றிருந்த மரகதம், "சாயங்காலத்துக்குள்ள தரை போட்டாகோணும் மேஸ்திரி, அதையும் அப்புறப்படுத்திருங்க" என்றாள்.

"எதைங்க்கா?"

"அங்க நிக்குதல்ல, அதைத்தான்."

இருதயராஜ் மேலிருந்து ஒரு விரலை விட்டுக் கலக்கிப் பார்த்தார். அலை ஒன்று கிளம்பிப் போய், விளிம்பு இருந்திருக்க வேண்டிய இடத்தில் முட்டித் திரும்பி வந்தது. பக்கவாட்டில் தொட அவருக்குத் துணிவு வரவில்லை. தொட்டால் கொட்டிவிடும் என்று நினைத்தார், கொட்டுவதற்காகத்தான் உடைத்தோம் என்பது அந்த நேரத்தில் அவருக்கு நினைவில்லை. அடியில் கிடந்த துண்டுகளை மேலிருந்தே தோள் வரை கையை விட்டு எடுத்துச் சாக்கில் போட்டுக்கொண்டு, "ஒரு டீ குடிச்சுட்டு வந்தர்றேனுங்க்கா" என்று போனவர் அன்றைக்குத் திரும்பவில்லை.

அந்தத் தொட்டிகளைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். ஈரோட்டில், பெருந்துறை ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி, கொன்றை அப்பார்ட்மெண்ட்ஸைக் கட்டியவர் ஒருமுறை சிங்கப்பூர் போய் ஒரு ஓட்டலில் தங்கிவிட்டு வந்தவர். வந்த சூட்டோடு எல்லா வீட்டிலும் பெரிய படுக்கையறையை ஒட்டிய குளியலறையில் ஒரு பாத் டப்பைப் பதித்து, விளம்பரத்திலும் அதைப் போட்டு, அதற்கும் சேர்த்து விலை வைத்தார். வீடு வாங்கியவர்கள் எல்லாரும் குடிவந்த புதிதில் ஒருதரம் அதில் படுத்துப் பார்த்தார்கள், படுத்தபோது தங்கள் அழுக்கிலேயே தாங்கள் ஊறிக் கிடப்பதாகத் தோன்ற, எழுந்து போய் பக்கெட்டில் தண்ணீர் பிடித்து இன்னொருதரம் குளித்தார்கள். அதன் பிறகு ஒரு வீட்டில் தொட்டிக்குள் கொலுப் பொம்மைகள் படுத்திருந்தன, ஒரு வீட்டில் ஜமக்காளம் ஊறியது, ஒரு வீட்டில் சின்ன வெங்காயம் முளைவிட்டது, மிச்ச எல்லா வீடுகளிலும் நல்ல தண்ணீர் இருந்தது. உப்புத் தண்ணீர் எப்போதும் வரும், நல்ல தண்ணீர் எப்போது வரும் என்று யாராலும் சொல்ல முடியாது என்பதால், மரகதம் வந்ததும் வராததுமாகத் தொட்டியின் வடிகால் துளையைச் சிமெண்ட் வைத்து அடைத்துவிட்டாள். அன்றிலிருந்து அந்தத் தண்ணீர் கேட்டு வளர்ந்த பேச்செல்லாம் ஒன்றே ஒன்றுதான்: இரு, அங்கேயே இரு, தீர்ந்துபோயிராதே.

தொட்டியை உடைக்கிற அன்றைக்கும் பார்த்து நல்ல தண்ணீர் வந்து தொலைத்தது. குடம், அண்டா, குக்கர், இட்லிப் பானை, பூச்சாடி வரைக்கும் நிரம்பிய பிறகும் தொட்டியில் கழுத்தளவு மிச்சமிருந்தது. "என்ற கையால கொட்ட மாட்டேன் மேஸ்திரி, நீங்களே ஒடச்சு உட்ருங்க" என்று சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றாள் மரகதம். அப்போதுதான் முதல் அடி விழுந்தது.

உடைக்க வேண்டி வந்தது அவள் கணவர் சென்னியப்பனால். அவர் பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். அடுத்தவர் முழங்கை தன் விலாவிலும் தன் முழங்கை அடுத்தவர் முதுகிலும் இடிக்காமல் அவருக்குப் பகல்கள் கழிந்ததில்லை. அவர் தனியாக இருந்த ஒரே இடம் குளியலறை. டூட்டி முடிந்து வந்ததும் உள்ளே போய்க் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டாரென்றால் வீடு பற்றி எரிந்தாலும் கூப்பிடக் கூடாது. மகள் பிறந்த செய்தியைக்கூடக் கதவுக்கு வெளியே நின்று காத்திருந்துதான் சொன்னார்கள். பக்கவாதம் வந்து போன பிறகு அவருடைய இடது கால் செருப்பு உயரத்துக்கு மேல் எழும்புவதில்லை. அவர் வழக்கமாகக் குளிக்கிற சின்னக் குளியலறைக்கு முழங்கால் உயரத்தில் ஒரு படி. பெரிய குளியலறையிலோ கதவு திறக்கிற இடம் போக மிச்சமெல்லாம் தொட்டி. ஆகவே சமையலறைக்குப் பின்னால் பாத்திரம் கழுவுகிற பால்கனியில், ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்து, குறுக்கே பழைய சேலையைக் கட்டி, மரகதம்தான் அவருக்குத் தண்ணீர் ஊற்றிவிட்டாள். எதிர் பிளாக்கில் துணி காயப்போடும் பெண்கள் பார்த்ததும் மரியாதையாகத் திரும்பிக்கொள்வார்கள். பார்ப்பதையாவது பொறுத்துக்கொண்டிருப்பார், அவர்கள் திரும்பிக்கொள்வதை அவரால் பொறுக்க முடியவில்லை. குளிப்பதைத் தள்ளிப்போட ஆரம்பித்தார், பிறகு கேட்டால் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

ஒருநாள் சாப்பிடும்போது, தட்டைப் பார்த்தபடியே, "அம்மிணி, கண்ண மூடறதுக்குள்ள ஒரு தடவ கதவச் சாத்தித் தாப்பாப் போட்டுத் தனியாக் குளிக்கோணும். வேற ஒண்ணும் வேண்டாம்" என்றார்.

அன்று மத்தியானமே மரகதம் டைல்ஸ் கடைக்குப் போனாள். தொட்டி போகும், அந்த இடத்தில் படியில்லாத தரை வரும், சுவரில் பிடித்துக்கொள்ள ஒரு கம்பி, உட்கார ஒரு ஸ்டூல், தலைக்கு மேல் ஷவர். கடைக்காரர் காட்டிய பளபளப்பான டைல்களையெல்லாம் அவள் செருப்பைக் கழற்றிவிட்டு வெறுங்காலால் மிதித்துப் பார்த்தாள். வழுக்கியதையெல்லாம் தள்ளி, உள்ளங்காலைக் கொஞ்சம் கடிக்கிற மாதிரி சொரசொரப்பாக இருந்த, இளநீர் நிறத்து டைல் ஒன்றைத் தேர்ந்தாள். பெட்டிகள் வந்து ஹாலில் அடுக்கப்பட்டன. அப்போதுதான் தண்ணீர் இப்படிச் செய்தது.

முதலில் வந்தவர் கீழ்வீட்டு ஜெபமணி டீச்சர். மரகதத்தின் தொட்டி கசிந்து கசிந்து டீச்சர் வீட்டுக் கூரையில் பல வருஷமாக ஒரு ஈரப்படம் பரவியிருந்தது. அதைச் சொல்லிச் சண்டை போடுவதற்காகவே அவர் மாதம் ஒருமுறை படியேறி வருவார். அன்று சிரித்துக்கொண்டு வந்தார்.

"மரகதம், எங்க வீட்டு சீலிங் காஞ்சுபோச்சு. தொட்டியை எடுத்துட்டீங்களா?"

"எடுத்துட்டேன் டீச்சர். தண்ணிதான் போக மாட்டீங்குது."

டீச்சர் எட்டிப் பார்த்தார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார். "ஓ" என்றார். பிறகு, "நல்ல தண்ணிதானே? ஒரு குடம் எடுத்துக்கட்டுமா? எங்க வீட்டுல பைப்ல காத்துதான் வருது" என்றார்.

"ஒரு குடம் என்ன, எல்லாத்தையும் மொண்டுக்கங்க. தீந்தாச் சரி."

டீச்சர் ஒரு குடம் மொண்டார், இன்னொரு குடம் மொண்டார், தன் வீட்டிலிருந்த எல்லாவற்றையும் கொண்டுவந்து மொண்டார். குடத்துக்குள் போன தண்ணீர் மற்றத் தண்ணீரைப் போலத் தளும்பியது, சிந்தியது, படியெல்லாம் ஒழுகியது. நின்ற தண்ணீர் மட்டும் நின்ற உயரத்திலேயே நின்றது. "குறையலையே" என்றார் டீச்சர், வாங்கிய கடனைத் திருப்பிக் கொடுக்க வந்தவரிடம் கடன் கொடுத்தவர் வேண்டாமென்று சொல்லிவிட்ட மாதிரியான குரலில்.

மறுநாள் காலை வரிசை, வீட்டு வாசலிலிருந்து ஹால் வழியாக, படுக்கையறை வழியாக, சென்னியப்பனின் கட்டிலைச் சுற்றி வளைந்து குளியலறைக்குப் போனது. அந்தக் கோடையில் நல்ல தண்ணீர் விட்டுவிட்டுத்தான் வந்தது, வந்ததும் நூலாக வந்தது. ஆகவே தண்ணீர் எப்படி நிற்கிறது என்று கேட்டவர்கள் குறைவு, எப்போது திறப்பீர்கள் என்று கேட்டவர்களே அதிகம். வந்தவர்கள் எல்லாரும் நாகரிகமானவர்கள். செருப்பை வெளியே விட்டார்கள், சென்னியப்பனைத் தாண்டும்போது "சாப்டீங்களா மாமா?" என்றார்கள், திரும்பும்போது "பாத்துக்கங்க மாமா" என்றார்கள், இடையில் டைல் பெட்டிகளின் மேல் உட்கார்ந்து இளைப்பாறினார்கள். சென்னியப்பன் முதல் நாள் போர்வையைத் தலைவரை இழுத்துக்கொண்டார். அடுத்த நாள் வரிசை நகராமல் கட்டிலருகே நெரிசலானபோது, போர்வைக்குள்ளிருந்து பழைய வழக்கத்தில், "உள்ள போங்க, உள்ள போங்க, உள்ள எடமிருக்குது" என்று ஒரு குரல் வந்தது. எல்லாரும் உள்ளே நகர்ந்தார்கள்.

பழகுவதற்கு எவ்வளவு நேரம் ஆகும் என்று நினைக்கிறீர்கள்? அந்த வாரக் கடைசிக்குள், தண்ணீரில் கருவேப்பிலை வாசம் வருகிறது, மரகதம் சமையலறைக் கதவைச் சாத்திவைத்தால் நல்லது என்று பி பிளாக்கில் பேசிக்கொண்டார்கள். வரிசையில் நிற்கிறவர்களுக்குப் படுக்கையறையில் ஃபேன் போடுவதில்லை என்று இன்னொரு குறை. ஒரு பொறியியல் கல்லூரிப் பேராசிரியர் வந்து ஸ்கேல் வைத்து உயரம் அளந்தார், டார்ச் அடித்துப் பார்த்தார், மரகதம் போட்ட சாப்பாட்டைச் சாப்பிட்டுவிட்டு, இதற்கு ஒரு விளக்கம் இருக்கத்தான் செய்யும் என்று சொல்லிப் போனார். ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பிய பாட்டில், குடிக்கலாம் என்ற சீட்டோடு திரும்பி வந்தது. யாரோ கற்பூரம் ஏற்றப் போனபோது சங்கத் தலைவர் மயில்சாமி தடுத்தார். மயில்சாமி மஞ்சள் மண்டி வைத்திருப்பவர், எதிலும் நடுவில் நிற்பவர். "நம்ம அப்பார்ட்மெண்ட்ல எல்லா மதத்துக்காரங்களும் இருக்கறோம். தண்ணிக்கு ஊதுபத்தி போதும்" என்றார்.

எல்லாரும் மேலிருந்துதான் மொண்டார்கள் என்பதைக் குறிப்பிட வேண்டும். தொட்டி இருந்த காலத்தில் எப்படி இடுப்பை வளைத்து, விளிம்புக்கு மேலாகக் கையை நீட்டி, குடத்தை முக்கி, மறுபடி விளிம்புக்கு மேலாகத் தூக்கி எடுப்பார்களோ, அதே மாதிரி இல்லாத விளிம்புக்கு மேலாகத் தூக்கி எடுத்தார்கள். குழந்தைகளிடம், சாயாதே, கொட்டிவிடும் என்றார்கள். மரகதமும் அப்படித்தான். விளிம்பு போய்விட்டது என்று அவர்களுடைய இடுப்புகளுக்கு யாரும் சொல்லவில்லை.

மரகதம் மயில்சாமியைப் பிடித்துக் கேட்டாள்.

"ஏனுங் தம்பி, இதுக்கு ஒரு முடிவு சொல்லுங்க. நான் தரை போடோணும். இவரு குளிச்சே எத்தன நாளாச்சு தெரியுமா?"

"அக்கா, தரை இன்னைக்கும் போடலாம் நாளைக்கும் போடலாம். தண்ணி இன்னைக்கு இருக்குது, நாளைக்கு இருக்குமா?"

"அது போகோணும்னுதானே நான் கேக்கறேன்."

"பாருங்க, இப்படிப் பேசலாமுங்களா?" என்றார் மயில்சாமி, உண்மையிலேயே வருந்தி. "குளியலறை உங்களுதுங்க. அதுல மாத்துக் கருத்தே இல்லீங்க. ஆனாத் தண்ணி எல்லாருதுமில்லீங்களா?"

சங்கக் கூட்டம் மரகதத்தின் படுக்கையறையிலேயே நடந்தது. கொன்றை அப்பார்ட்மெண்ட்ஸில் எந்தக் கூட்டத்துக்கும் வேண்டிய ஆள் சேர்ந்ததில்லை. வரிசையில் எப்படியும் எல்லாரும் நிற்கிறார்கள் என்று மயில்சாமிக்குத்தான் தோன்றியது. குடத்தை இடுப்பில் வைத்தபடியே ஆதரித்தார்கள், எதிர்த்தார்கள், தங்கள் முறை வந்ததும் உள்ளே போய் மொண்டுகொண்டு வந்து விட்ட இடத்திலிருந்து பேசினார்கள். தண்ணீரில் யாருடைய காலும் படக் கூடாது என்று முடிவானது. குழந்தைகள் சாய்ந்து அது சரிந்துவிடாமல் இருக்க இரண்டு பக்கமும் முழங்கால் உயரத்துக்கு மேல் ஒரு சுவர் கட்டி, உள்ளும் புறமும் டைல் ஒட்டுவது என்று முடிவானது. டைலுக்கு எங்கும் அலைய வேண்டியதில்லை, ஹாலிலேயே இருக்கிறது என்று ஒருவர் சொன்னபோது எல்லாருக்கும் நிம்மதியாக இருந்தது.

"செவுரு வேண்டாம்னுதானே ஒடச்சேன்" என்றாள் மரகதம்.

"அது தாண்டிப் போற செவுருங்க்கா. இது காபந்துக்கு" என்றார் மயில்சாமி.

"ரெண்டும் ஒரே ஒசரம்தானே?"

"ஒசரம் ஒண்ணுதானுங்க. நோக்கம் வேறயல்லங்க?"

கட்டிலில் சென்னியப்பன் கண்ணை மூடிக்கொண்டிருந்தார். தூங்கவில்லை என்பது எல்லாருக்கும் தெரியும், தூங்குகிறார் என்று எல்லாரும் குரலைத் தாழ்த்திக்கொண்டார்கள். அன்று ராத்திரிச் சாப்பாட்டைப் பிசைந்து கொடுத்தபோது, "உடு அம்மிணி. துண்ட நனச்சுத் தொடச்சுக்கறேன். அதுவே போதும்" என்றார். அவர் போதும் என்று சொன்னதைக் கேட்டு மரகதத்துக்கு அழுகை வரவில்லை. கோபம் வந்தது. யார் மேல் என்று தெரியாததால் அதைப் பாத்திரங்களின் மேல் காட்டினாள்.

சுவர் கட்ட இருதயராஜ் மேஸ்திரிதான் வந்தார். டீ குடிக்கப் போனது நேற்று என்பது போல, "வந்துட்டேனுங்க்கா" என்றார். கால்மாட்டுப் பக்கத்துக் குட்டைச் சுவரை ஒரே நாளில் எழுப்பி, இளநீர் நிறத்து டைலையும் ஒட்டிவிட்டார். மறுநாள் காலை நீளப் பக்கம். டேப்பின் ஒரு நுனியை மரகதத்திடம் கொடுத்து மூலையில் பிடிக்கச் சொல்லிவிட்டு, மறு நுனியை இழுத்துக்கொண்டே, "இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம்" என்று தனக்குத்தானே சொல்லியபடி பின்னால் நடந்தார்.

"மேஸ்திரி" என்றாள் மரகதம்.

"சொல்லுங்க்கா."

"எங்க நிக்கறீங்க?"

இருதயராஜ் குனிந்து பார்த்தார். தொடை வரை தண்ணீருக்குள் நின்றுகொண்டிருந்தார். அவரைச் சுற்றி லுங்கி தாமரை இலை மாதிரி விரிந்து மிதந்தது. வெளியே ஒரு சொட்டு விழவில்லை.

"ஐயையோ. தலைவர்கிட்டச் சொல்லிராதீங்க்கா. தெரியாம வந்துட்டேன். பின்னாலயே நடந்தேனா, பாத்தா உள்ள இருக்கறேன்."

"காலத் தூக்குனீங்களா?"

"என்னங்க்கா?"

"உள்ள போகறப்பக் காலத் தூக்கி வெச்சீங்களான்னு கேக்கறேன்."

"எதுக்குங்க்கா தூக்கறது? தடுக்கறதுக்கு அங்க என்ன இருக்குது?"

மரகதம் டேப்பைக் கீழே போட்டாள். டேப் சர்ரென்று ஓடிப் போய் மேஸ்திரியின் கையில் சுருண்டது. அவள் உட்கார்ந்து, தரையும் தண்ணீரும் சேர்கிற இடத்தில் கையை வைத்து, தரையோடு தரையாக மெதுவாகத் தள்ளினாள். மணிக்கட்டு வரை போனது, முழங்கை வரை போனது. எடுத்தாள். தண்ணீர் மூடிக்கொண்டது. இத்தனை நாளாகத் தன் வீட்டில் படியில்லாத, விளிம்பில்லாத, தாண்ட வேண்டாத ஒரு குளியலிடம் நின்றுகொண்டிருந்திருக்கிறது, ஊரே வந்து அதன் மேலாகக் குனிந்து போயிருக்கிறது.

"கலவை போட்டுட்டீங்களா மேஸ்திரி?"

"வெளிய குழச்சு வெச்சுருக்கறேன். தண்ணி உட்டாச்சு. இப்ப ஆரம்பிச்சாத்தான் செவுரு நிக்கும்."

"போய் டீ குடிச்சுட்டு வாங்க."

"அக்கா, கலவை இறுகிரும்."

"போன தடவ யாரும் சொல்லாமலே போனீங்கல்ல?"

அவர் லுங்கியைப் பிழிந்துகொண்டு போனார். மரகதம் படுக்கையறைக்கு வந்தாள். வரிசை அப்போது கட்டிலைச் சுற்றிக்கொண்டிருந்தது. அவள் ஒவ்வொருவர் குடத்தையும் தோளைத் தொட்டுத் திருப்புவது போலத் திருப்பி, "எல்லாரும் கொஞ்சம் ஹாலுக்குப் போங்க" என்றாள்.

"ஏனுங்க்கா? தண்ணி நின்னுபோச்சா?"

"அது எப்பவும் நின்னுட்டுத்தான இருக்குது. இவரு குளிக்கோணும்."

எல்லாரும் குடங்களைத் தூக்கிக்கொண்டார்கள். ஹாலுக்குப் போனார்கள். யார் போய்ச் சொன்னார்களோ, மயில்சாமி வேட்டியை மடித்துக் கட்டியபடி படியேறி வந்துவிட்டார்.

"அக்கா, கால் படக் கூடாதுன்னு தீர்மானம் போட்டிருக்கறோமுங்க. நீங்களும் கை தூக்குனீங்க."

"பரண்ல இருந்து டம்ளர் எடுக்கக் கையத் தூக்குனேன். நீங்க அதையும் எண்ணிட்டீங்க."

"அது சரிங்க. இத்தன பேரு குடிக்கற தண்ணியில்லீங்களா?"

"குடிக்கத்தான தம்பி செய்யறீங்க. ஆருக்காச்சும் ஒருத்தருக்கு, நாம மாமாவத் தாண்டித்தான் போறோம்னு தோணுச்சா? அவரு கட்டுலு என்ன கைகாட்டி மரமா?"

மயில்சாமி கட்டிலைப் பார்த்தார். சென்னியப்பன் எழுந்து உட்கார்ந்திருந்தார். போர்வையை மடித்துவைத்துவிட்டு, கைத்தடியை எடுத்து, வலது காலை வைத்து, இடது காலை இழுத்து, மறுபடி வலது காலை வைத்து நடந்தார். மரகதம் இரண்டு துண்டுகளை அவர் தோளில் போட்டாள், சோப்பைக் கையில் கொடுத்தாள், ஸ்டூலை உள்ளே தள்ளினாள். ஸ்டூல் தரையோடு வழுக்கிக்கொண்டு தண்ணீருக்குள் போய் நின்றது. பிடிக்கட்டுமா என்று கேட்க வாயெடுத்தாள். அவர் அவளைப் பார்த்தார். அவள் வெளியே வந்தாள்.

கதவு சாத்திக்கொண்டது. தாழ்ப்பாள், உபயோகிக்காமல் துருவேறியிருந்ததால், ஒருதரம் முரண்டிவிட்டு விழுந்தது.

உள்ளே நடந்ததை யாரும் பார்க்கவில்லை, அதற்காகத்தானே கதவு. ஆனால் அவர் கைத்தடியைச் சுவரில் சாய்த்துவைத்ததையும், வலது காலை வைத்து இடது காலை இழுத்ததையும், அந்தக் கால் தரையை விட்டு எழும்பாமலேயே தண்ணீருக்குள் போனதையும், தண்ணீர் ஒரு நல்ல பயணி மாதிரி நகர்ந்து இடம் கொடுத்ததையும் எவரும் ஊகிக்கலாம். ஹாலில் இருந்தவர்களுக்கு முதலில் ஒன்றும் கேட்கவில்லை. பிறகு தண்ணீர் அள்ளித் தலையில் ஊற்றிக்கொள்ளும் சத்தம் ஒருதரம். பிறகு நெடுநேரம் எதுவுமில்லை. பிறகு மறுபடி ஒருதரம். அவசரமில்லாத, வேறு யாருக்கும் இடம் விட வேண்டியதில்லாத ஒரு மனிதனின் சத்தம் அது.

இருதயராஜ் டீ குடித்துவிட்டு வந்தார். வாசலில் குழைத்து வைத்திருந்த கலவையைக் கரண்டியால் குத்திப் பார்த்தார்.

"சார், சீக்கிரம் வரச் சொல்லுங்க. இறுகுது."

"மாமா" என்று கதவருகே போய்க் கூப்பிட வாயெடுத்த மயில்சாமி, மரகதம் நாற்காலியைத் தூக்கிவந்து கதவுக்கு முன்னால் போட்டு உட்கார்ந்ததைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

"ஆத்துல எவ்வளவு பேரு குளிக்கறாங்க, நாம அதையே குடிக்கறதில்லையா" என்றார் டைல் பெட்டி மேல் உட்கார்ந்திருந்த ஒருவர்.

"ஆறு ஓடுதுங்க. இது நிக்குது."

"வத்தாததுக்கு ஓடுனா என்ன, நின்னா என்ன?"

"எங்க மாமனாரும் இப்பிடித்தான் குளிப்பாரு. உள்ள போனா ஒரு மணி நேரம். கதவத் தட்டுனாக் கெட்ட வார்த்தைதான் வரும்."

சிலர் சிரித்தார்கள். சிலர் குடங்களை வரிசையில் போட்டுவிட்டுச் சமையலைக் கவனிக்கப் போனார்கள். ஒரு பெண் மரகதத்தின் வெங்காயத்தை எடுத்து உரிக்கத் தொடங்கினாள். வெயில் ஜன்னலின் ஒரு கம்பியிலிருந்து அடுத்த கம்பிக்குப் போனது. உள்ளே சென்னியப்பன் இருமினார். அது உதவி கேட்கும் இருமல் இல்லை, குளித்துக்கொண்டிருக்கும் ஆணின் இருமல். மரகதத்துக்கு வித்தியாசம் தெரியும். அவள் நாற்காலியில் தலையைச் சாய்த்துக்கொண்டாள், அவளுக்கே தெரியாமல் கண் அசந்தாள்.

தாழ்ப்பாள் திறந்த சத்தத்தில்தான் விழித்தாள். சென்னியப்பன் இடுப்பில் துண்டு, தோளில் இன்னொரு துண்டு, நடு வகிடு எடுத்து வாரிய ஈரத் தலையுடன் வாசலில் நின்றார். உள்ளங்கைகள் ஊறிச் சுருங்கி வெளுத்திருந்தன. படுக்கையறைக் கதவு வழியாக ஹால் முழுக்க ஆட்களைப் பார்த்தும் அவர் முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை. சிலர் திரும்பிக்கொள்ளப் போய், எதற்கு என்று தெரியாமல் நிறுத்திக்கொண்டார்கள்.

"பசிக்குது அம்மிணி" என்றார்.

இருதயராஜ் கலவையைக் கரண்டியால் ஓங்கிக் குத்தினார். கரண்டி டங்கென்று எகிறியது.

"கல்லாயிருச்சுங்க சார். இனி இதக் கொட்டத்தான் வேணும். புதுசாக் குழைக்கோணும்னா சிமெண்ட் வாங்கோணும்."

மயில்சாமி குளியலறையை எட்டிப் பார்த்தார். ஒரு பக்கம் டைல் ஒட்டிய குட்டைச் சுவரும், மற்றப் பக்கம் ஒன்றுமில்லாமலும் தண்ணீர் நின்றது. மேலே வெள்ளையாகச் சோப்பு நுரை மிதந்தது. அவர் வெகுநேரம் பார்த்தார். தலைவர் என்ற முறையில் ஏதாவது சொல்லியாக வேண்டும்.

"சரி, அந்தப் பக்கம் பொறவு பாத்துக்கலாம்" என்றார்.

இருதயராஜ் இறுகிய கலவையைச் சட்டியோடு தூக்கிக்கொண்டு படியிறங்கினார். மரகதம் அடுப்பைப் பற்றவைக்கப் போனாள். வரிசை மறுபடி கட்டிலைச் சுற்றி வளைந்தது. முதலில் ஜெபமணி டீச்சர் நின்றிருந்தார். அவர் இடுப்பை வளைத்துக் குனிந்தார், நுரையைப் புறங்கையால் ஒரு ஓரமாக ஒதுக்கினார், தெளிந்த இடத்தில் குடத்தை முக்கினார்.